விரும்பி விற்பவர்

பல்லக்காவின் வீடு இனிமேல் பல்லக்காவுக்கு இல்லை என்று சொல்ல வந்த கடிதம், ‘மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று ஆரம்பித்தது. மகிழ்ச்சி யாருக்கு என்று அதில் போட்டிருக்கவில்லை. புதிதாக வரப்போகும் மேம்பாலத்தின் பதினேழாவது தூண் அவள் வீட்டு நடு அறையில் கால் ஊன்றப் போகிறது, ஆகவே வீட்டைப் பொதுநலன் கருதி எடுத்துக்கொள்கிறோம், அதற்கு நியாயமான இழப்பீடு நிர்ணயிக்க அலுவலகத்துக்கு வரவும் என்பது சாரம். ‘நியாயமான’ என்ற சொல் மட்டும் பதினொரு இடத்தில் வந்தது.

“நல்ல சரக்கு விக்கிறவன் இத்தனை தடவை நல்ல சரக்குன்னு கூவ மாட்டானே,” என்று எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பல்லக்கா கலங்கவில்லை. வாசலில் நின்றுகொண்டே கடிதத்தை நாலாக மடித்தாள். “அந்த ஆபீஸ்லதானே என் தம்பி இருக்கான்,” என்றாள். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்றால், உடையவள் மட்டும் எதற்கு அஞ்ச வேண்டும்?

பல்லக்கா என்பது தெரு வைத்த பெயர். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, ஐந்தாறு பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, வேகவைத்து, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த வட்டாரத்துக் கிழவர்கள் பாதிப் பேர் அவள் தயவில்தான் எதையும் கடித்தார்கள். அவள் பெயரை வேகமாகச் சொன்னால் பல்லக்கு என்று காதில் விழும். ஆனால் அவளை யாரும் சுமந்ததில்லை. அவள்தான் சுமந்தாள். அப்பா போனபோது தம்பிக்கு ஏழு வயது, அம்மா போனபோது பத்தொன்பது. அவனைத் தூக்கி நிறுத்தி, படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, கல்யாணம் முடித்து, தனி வீட்டில் குடிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தனக்குக் கல்யாண வயது எப்போதோ கடந்து போயிருந்ததைக் கவனித்தாள். பெரிதாக வருத்தப்படவில்லை. அவசரமாக ஒரு கீழ்செட் முடிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். விடுமுறை நாளிலும் கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது.

“கவலையே படாதக்கா. எல்லாம் முறைப்படி நடக்கும்.”

“நீ இருக்கியே, அது போதும்டா.”

சாப்பிட்டுவிட்டு வீட்டைச் சுற்றி வந்தான். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். “பின் சுவத்துல ஒரு விரிசல் இருந்துச்சே, இன்னும் இருக்காக்கா?”

“இல்லாம எங்க போகும்?” என்று சிரித்துக்கொண்டே பல்லக்கா அலமாரியை நகர்த்தினாள். தனியாக நகர்த்துகிற அலமாரி இல்லை அது. மூச்சு வாங்கியது. தம்பி குனிந்து விரிசலைக் கைபேசியில் படம் எடுத்தான். ஒழுகுகிற மூலையை எடுத்தான். வெளுத்துப்போன ஜன்னல் கட்டையை எடுத்தான். ‘பிரியப் போறோம்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சுக்கிறான், பாவம்’ என்று நினைத்த பல்லக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே கரையான் அரித்த இடம் ஒன்று அவனுக்குத் தெரியாமல் இருந்தது. அதையும் அவளே காட்டிக் கொடுத்தாள்.

நியாய இழப்பீட்டு நிர்ணய அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. காத்திருப்போர் நாற்காலிகளை ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டியிருந்தார்கள். வீட்டைப் பறிகொடுத்தவர்கள் நாற்காலியையாவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம் போலிருக்கிறது. பல்லக்காவுக்குக் கொடுத்த படிவம் பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில், ‘இவ்வீட்டின் மீது தங்களுக்குள்ள பிரியம்: மிக அதிகம், அதிகம், ஓரளவு, இல்லை’ என்று நாலு கட்டம் இருந்தது. அரசாங்கம் இதையெல்லாம்கூடக் கேட்கிறதே என்று நெகிழ்ந்துபோய் ‘மிக அதிகம்’ என்ற கட்டத்தில் அழுத்தி டிக் போட்டாள்.

நிர்ணய அதிகாரி மரியாதையானவர். அவள் உட்காரும் வரை நின்றார். அவருக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டின பல் என்பதைப் பல்லக்கா உட்காரும்போதே கண்டுகொண்டாள். வேறு யாரோ செய்த செட். ‘சட்டம்’ என்று சொல்லும்போதெல்லாம் அது ஒரு நூல் கீழே இறங்கி மேலே ஏறியது.

“மிக அதிகமா?” என்றார் படிவத்தைப் பார்த்து. முகம் வாடிவிட்டது. “ஐயோ, அம்மா! இருபது சதவீதம் போச்சே!”

“என்ன சார் போச்சு?”

“பிரியத்துக்கு விலை கொடுக்கக் கூடாதுன்னு சட்டம். எவ்வளவு பிரியம்னு தெரிஞ்சாத்தானே கழிக்க முடியும்? அதுக்குத்தான் கேக்கறோம்.”

“அப்ப இல்லைன்னு போட்டிருந்தா?”

“பிரியமே இல்லாத வீட்டை எடுத்தா என்ன நஷ்டம்? அதுக்கு முப்பது கழிப்போம்.”

பல்லக்கா பேச்சைத் தொழிலுக்குத் திருப்பினாள். பின்னறை ஜன்னல் வடக்குப் பார்த்தது. பல்லின் நிறம் பார்க்க அந்த வெளிச்சம்தான் வேண்டும். ட்யூப்லைட்டில் பார்த்துச் செய்தால் வெயிலில் பல் நீலமாகத் தெரியும், வாங்கினவர் சிரிக்கவே பயப்படுவார். அந்த மாதிரி ஒரு ஜன்னல் வேறு எங்கே கிடைக்கும்?

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “வெளிச்சம் எங்கேருந்து வருதும்மா?”

“வானத்துலேருந்து.”

“வானத்தை நாங்க எடுக்கலையே. அது உங்களுக்கு அப்படியேதான் இருக்கும்.” இதைச் சொன்னபோது ஒரு பெரிய சலுகை செய்துவிட்டவரைப் போலப் பின்னால் சாய்ந்தார்.

“பக்கத்துத் தெருவுல போன வருஷம் இதே அளவு வீடு ஒண்ணு வித்துது சார். அந்த விலையாவது…”

“அது போன வருஷம். இன்னைக்கு உங்க வீட்டை யாராவது வாங்குவாங்களா, சொல்லுங்க?”

“நீங்க எடுக்கப் போறீங்கன்னு தெரிஞ்சா எப்படி சார் வாங்குவாங்க?”

“பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கறீங்க. யாரும் வாங்காத வீடு. அதுக்குப் போய் நாங்க ஒரு விலை கொடுக்கறோம்!” அவர் குரல் தழுதழுத்தது. “இருபது வருஷமா இந்த ஆபீஸ் நடக்குதும்மா. போன வருஷம் விருதுகூட வாங்கினோம். ஒரு வீட்டுக்குக்கூட நியாயத்துக்கு மேல ஒரு காசு போகலைன்னு. கீழ போயிருக்கான்னு கேக்க அந்த விருதுல கட்டம் கிடையாது. எங்க தொகையைப் பாத்து ஆச்சரியப்படாத வீட்டுக்காரரை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.”

பல்லக்கா எழுந்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பினார் அதிகாரி. “விசாரணை புதன்கிழமை. நீங்க வரணும்னு அவசியம் இல்ல. வந்தா தடுக்க மாட்டோம்.”

வெளியே வராந்தாவில் தம்பி ஃபைலைச் சுமந்துகொண்டு போனான். அக்காவைப் பார்த்ததும் கண்ணால் ‘நான் பாத்துக்கறேன்’ என்று ஜாடை காட்டினான். அவளுக்கு யானை பலம் வந்தது.

புதன்கிழமை விசாரணை அறையில் மேஜையின் இருபுறமும் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றின்மேல் ‘வாங்குபவர்’, இன்னொன்றின்மேல் ‘விற்பவர்’ என்று அட்டை. பல்லக்கா நேராகப் போய் ‘விற்பவர்’ நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அது உங்க இடம் இல்லம்மா,” என்றார் அதிகாரி. மூலையில் ஒரு ஸ்டூலைக் காட்டினார். அதில் ‘பார்வையாளர்’ என்று எழுதியிருந்தது.

“வீடு என்னுதுங்க, சார்.”

“யார் இல்லைன்னா? ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னா, விரும்பி விக்கிறவர் ஒருத்தரும் விரும்பி வாங்கறவர் ஒருத்தரும் பேசினா என்ன விலை படியுமோ, அதுதான் நியாய விலை. நீங்க விரும்பி விக்கிறீங்களா?”

“இல்லையே!”

“அப்ப நீங்க எப்படி விரும்பி விக்கிறவரா இருக்க முடியும்? முன்னெல்லாம் அப்படி ஒருத்தர் இருக்கறதா மனசுல நினைச்சுக்கிட்டு நாங்களே விலை எழுதிடுவோம். அதுல வெளிப்படை இல்லைன்னு புகார் வந்துச்சு. அதனால இப்ப ஆள் போட்டிருக்கோம்.”

வாங்குபவர் வந்தார். அவர் ஸ்டோர் செக்ஷன் குமாஸ்தா. வீடு எதுவும் வாங்குகிற நிலையில் இருப்பவராகத் தெரியவில்லை, சட்டைப் பையில் மடித்த பிஸ்கட் பொட்டலம் வைத்திருந்தார். அடுத்து விற்பவர் வந்தார். தலையை நன்றாக வாரி, கையில் ஃபைலோடு வந்து உட்கார்ந்தவர் பல்லக்காவின் தம்பி.

பல்லக்காவுக்கு முதலில் சந்தோஷம்தான். ஸ்டூல் விளிம்புக்கு நகர்ந்து வந்து, அதிகாரியிடம் மெதுவாகக் கேட்டாள். “சொந்தக்காரர் உக்காரலாமா சார்? தப்பு ஒண்ணும் ஆகிடாதே?”

“சொந்தக்காரர்தான் நல்லது. வீட்டை உள்ளும் புறமும் தெரிஞ்சவர். சொந்தம்கறதுனால கூட்டிச் சொல்லிட்டார்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாதேன்னு பயந்து குறைச்சேதான் சொல்லுவார்.”

அவள் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

“வீடு எப்படிங்க?” என்றார் வாங்குபவர், பிஸ்கட்டைப் பிரித்துக்கொண்டே.

“வீடுன்னு சொல்லலாம் சார்,” என்றான் தம்பி. “ஆனா நாளைக்கு நீங்க என்னைத் தப்பா நினைக்கக் கூடாது. பின் சுவத்துல விரிசல். அலமாரி வச்சு மறைச்சிருக்காங்க.”

“மறைக்கலடா! நான்தானே நகத்திக் காட்டினேன்!”

அதிகாரி மேஜையைத் தட்டினார். “பார்வையாளர் பேசக் கூடாது. ரெண்டு பேர் மனசு ஒத்துப் பேசிட்டிருக்காங்க, நடுவுல புகக் கூடாது.”

தம்பி ஒவ்வொரு படமாக எடுத்து வைத்தான். விரிசல், ஒழுகல், ஜன்னல் கட்டை, கரையான். பின்னறையில் இருபத்தெட்டு வருஷம் பிளாஸ்டர் தூசி பறந்ததால் தரை நாசம் என்றான். அந்தத் தூசியில் வந்த வருமானத்தில் படித்த கணக்கை வைத்தே அதற்கு எவ்வளவு கழிக்கலாம் என்றும் சொன்னான். வாங்குபவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு தொகை சொன்னார்.

“அவ்வளவு வேண்டாம் சார்,” என்றான் தம்பி. “எனக்கு உறுத்தும்.”

“பரவால்ல, வச்சுக்குங்க. என் காசா?”

“இல்ல சார். நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?”

இப்படியும் ஒரு பேரம் உலகத்தில் நடந்தது. வாங்குகிறவர் ஏற்ற, விற்கிறவர் இறக்க, கடைசியில் வாங்குகிறவர் தோற்றார். அதிகாரி கண்ணை மூடி, நல்ல பாட்டுக் கேட்பவரைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முடிந்தது என்று பார்த்தால், தம்பி இன்னும் ஒன்று சொன்னான்.

“வாசல் படி சார். கட்டினப்பவே கோணல். எங்கம்மா அதுல இடறி விழுந்துதான் இடுப்பு ஒடிஞ்சு படுத்தாங்க. எந்திரிக்கவே இல்ல. ஆள் பலி வாங்கின படி. அதுக்கும் கழிக்கணும்.”

வாங்குபவர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“இதுக்கு மட்டும் பார்வையாளர் ஆட்சேபணை சொல்லலாம்,” என்றார் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து. “சாவு சம்பந்தப்பட்டது பாருங்க. மூணு நிமிஷம்.”

பல்லக்கா வாயைத் திறந்தாள்.

படி கோணல் இல்லை. அப்பா நின்று பார்த்துப் போட்ட ஒரே கல், நூல் பிடித்த மாதிரி இருந்தது. தம்பிக்குப் பத்தொன்பது வயதில், ஒரு மழைச் சாயங்காலம், சிநேகிதன் மோட்டார் சைக்கிளை நனையாமல் வைக்க வேண்டும் என்று கல்மேல் முடுக்கி ஏற்றி உள்ளே கொண்டுவந்தான். கல் விளிம்போடு பிளந்தது. அவன் பார்க்கவில்லை, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பார்த்தவள் அக்கா. பிளந்த துண்டை அப்படியே பொருத்தி வைத்துவிட்டு, காலையில் கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று இருந்தாள். காலையில் அவளுக்கு முன்னால் அம்மா எழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் ஓடிவந்து “எப்படிக்கா?” என்று கேட்ட பையனின் முகத்தைப் பார்த்ததும், “படி ஆரம்பத்துலேயே கோணல்டா,” என்று அவள் வாயில் வந்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அதையே சொன்னாள். கொத்தனார் பிறகு பூசியதும் அதற்கு ஏற்றாற்போலக் கோணலாகவே அமைந்தது.

இப்போது இரண்டு வாக்கியம் போதும். படிக்கு உரிய விலை வந்துவிடும். பல்லக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் ஃபைலில் அடுத்த தாளைத் தேடிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருஷமாக மூடியே பழகிய வாய், திறந்தது போலவே மூடிக்கொண்டது.

மூன்று நிமிஷம் ஆனது. “மௌனம் சம்மதம்னு எழுதிக்கோங்க,” என்றார் அதிகாரி. விற்பவரும் வாங்குபவரும் எழுந்து கைகுலுக்கினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். அதில் விற்பவர் மனம் நிறைந்து சிரித்தார்.

உத்தரவு பதினைந்து நாளில் வந்தது. அந்தத் தொகைக்கு ஒரு வீட்டின் கதவு ஜன்னல்களை வாங்கலாம். மாட்டுவதற்குச் சுவர் வேண்டுமென்றால் அது அவரவர் பாடு. பல்லக்கா மேல்முறையீடு செய்யப் போனாள். இரண்டாம் ஜன்னலில் இருந்த பெண் அவளுடைய மனுவை வாங்கிப் படித்துவிட்டு, அன்பாகவே திருப்பிக் கொடுத்தாள்.

“மேல்முறையீடு விற்பவர்தான் செய்யணும்மா. நீங்க பார்வையாளர்னு இருக்கு.”

“விற்பவர் செய்யலைன்னா?”

“அப்ப அவருக்குத் திருப்தின்னு அர்த்தம். இதோ, ஃபோட்டோவுலகூடச் சிரிக்கறாரே.”

பல்லக்கா அங்கேயே நின்று தம்பிக்குப் போன் செய்தாள். “ஒரு கையெழுத்துதான்டா. நீ போட்டா எடுத்துப்பாங்களாம்.”

“எப்படிக்கா முடியும்? நான்தான் விருப்பப்பட்டு வித்துட்டேனே. இப்ப நானே குறைன்னு சொன்னா, அப்ப விரும்பலையான்னு கேப்பாங்க. விரும்பாம ஏன் அந்த சீட்ல உக்காந்தேன்னு கேப்பாங்க. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்குக்கா.”

“எனக்கு நீதான்டா இருந்தே,” என்று சொல்ல நினைத்தாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். போனை வைத்துவிட்டு ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

காலி செய்கிற நாள் வந்தது. பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்கின் பின்பக்கம் ஓர் அறை கொடுத்தார். ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கட்டிலும் மெருகு மோட்டாரும் போட்டால் நடக்க இடம் இருக்காது. பல்லக்கா பிளாஸ்டர் மூட்டைகளையும், அச்சுகளையும், பல் பதித்த தட்டுகளையும் தானே துணி சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். வண்டிக்காரர் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தபோது தம்பி வந்து இறங்கினான். கழுத்தில் புது அட்டை. ‘விரும்பி விற்பவர் (நிரந்தரம்)’ என்று போட்டிருந்தது. அக்கா பார்ப்பதைக் கண்டு அதைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளே வந்து, காலியான அறையில் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

“நீ கோவமா இருக்கேன்னு தெரியும்க்கா. அது நான் இல்ல. அந்த சீட்டு அப்படி. உக்காந்தா பேச்சு தானா வருது. நான் இல்லைன்னா வேற எவனாவது உக்காந்து இன்னும் குறைச்சிருப்பான். உனக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்.”

பல்லக்கா பெட்டியின் மூடியைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“படி கோணல் இல்லடா,” என்றாள். “நல்ல படி. நீ மோட்டார் சைக்கிளை ஏத்தினதுல ஒடைஞ்சுது. மழை பெஞ்சுது, நீ பாக்கல. நான்தான் கோணல்னு சொன்னேன்.”

தம்பியின் முகம் வெளிறிப்போனது. வாசல் பக்கம் பார்த்தான், திரும்பினான், மறுபடி பார்த்தான். ஏதோ கணக்குப் போடுகிறவனைப் போல உதடு அசைந்தது.

“ஏன்க்கா என்கிட்ட சொல்லல?”

“உனக்கு அப்ப பத்தொன்பது வயசு.”

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். அழுவான் என்று நினைத்தாள். ஒரு அடி முன்னால்கூட வைத்துவிட்டாள், தோளைத் தொடுவதற்கு. அவன் தொண்டையைச் செருமினான்.

“இது எழுத்துல எங்கேயும் இல்லல்ல?”

“என்னது?”

“படி விஷயம். ஆஸ்பத்திரி சீட்டுல, போலீஸ்ல, எங்கேயாவது எழுதியிருந்தா, நான் விசாரணைல கொடுத்த வாக்குமூலம் தப்பாயிடும். இப்பதான் நிரந்தரம் பண்ணியிருக்காங்க. அதான் கேட்டேன்.”

பல்லக்கா நீட்டிய கையைப் பெட்டிமேல் வைத்தாள்.

“எழுத்துல இல்ல,” என்றாள். “பயப்படாத.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வண்டியின் முன் சீட்டில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டாள். வண்டிக்காரர் கிளப்பப் போனவர், வாசலில் நிற்கிறவனைப் பார்த்துத் தயங்கினார்.

“அவரும் வர்றாராம்மா? உங்க ஆளா?”

“இல்லப்பா,” என்றாள் பல்லக்கா. “அவர் இந்த வீட்டை வித்தவர்.”